இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரே தரவுக்கு எங்கள் டாஷ்போர்டில் இரண்டு எண்கள் வந்து நின்றன. ஒரு ஸ்கிரிப்ட் 0.119 என்றது. இன்னொன்று 0.251 என்றது. எச்சரிக்கை விழுவதற்கு நாங்கள் வைத்திருந்த வரம்பு 0.2. ஒரு திரையில் பச்சை, பக்கத்துத் திரையில் சிவப்பு.

"அண்ணா, ரெண்டும் ஒரே ஃபார்முலாதானுங்க. டேட்டாவும் ஒண்ணுதான். அப்புறம் எப்படிங்க இப்படி வரும்?" என்று கேட்டார் குழுவில் சேர்ந்து ஆறு மாதமான பெண். நல்ல கேள்வி. அன்று காலை எனக்கும் பதில் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் போன தூரம் பெரிது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்தபோது மூடி வைத்த குவாண்டம் நோட்டு வரைக்கும் போனேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு எண்கள். கோவையில் உட்கார்ந்து நாங்கள் பார்க்கும் வேலைகளில் ஒன்று, இன்றைக்கு வரும் தரவு, மாடலைப் பழக்கிய காலத்துத் தரவு மாதிரியே இருக்கிறதா என்று தினமும் ஒப்பிடுவது. அன்றைக்குப் பார்த்தது ஆர்டர்களுக்குப் பணம் கட்டும் முறை. பழைய தரவில் யு.பி.ஐ. 60 சதவீதம், கார்டு 25, ரொக்கம் 15. புதிய தரவிலும் அவை ஏறக்குறைய அப்படியேதான். ஆனால் முன்பு இல்லவே இல்லாத நான்காவது ஒன்று, 'பிறகு கட்டுகிறேன்' என்ற வசதி, 1 சதவீதம் புதிதாக நுழைந்திருந்தது.

நாங்கள் பயன்படுத்தியது குல்பாக்–லைப்லர் விலகல், சுருக்கமாக கே.எல். ஒவ்வொரு வகைக்கும் புதிய பங்கைப் பழைய பங்கால் வகுத்து, லாக் எடுத்து, புதிய பங்காலேயே எடைபோட்டுக் கூட்டுவதுதான் அது. பழைய கணக்கை நம்பிப் புதிய உலகத்தில் நடந்தால் ஒரு செய்திக்குச் சராசரியாக எத்தனை பிட் வீணாகும் என்று அது சொல்கிறது. இங்கே நான்காவது வகையின் பழைய பங்கு பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுத்தால் முடிவிலி. அதைத் தவிர்க்க எல்லாரும் செய்வதையே எங்கள் ஸ்கிரிப்டுகளும் செய்தன: பூஜ்ஜியம் இருக்கிற இடத்தில் ஒரு குட்டி எண்ணைப் போட்டுவிட்டன. ஒன்றில் போட்டது பத்து லட்சத்தில் ஒன்று. இன்னொன்றில் ஆயிரம் கோடியில் ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.01-ஐப் பத்து லட்சத்தில் ஒன்றால் வகுத்தால் பத்தாயிரம். இரண்டின் அடிமானத்தில் லாக் 13.29, 0.01-ஆல் பெருக்கினால் 0.133. ஆயிரம் கோடியில் ஒன்றால் வகுத்தால் பத்துக் கோடி, லாக் 26.58, பெருக்கினால் 0.266. மற்ற மூன்று வகைகளும் சேர்ந்து 0.014-ஐக் கழிக்கின்றன. 0.119, 0.251 என்ற இரண்டும் இப்படித்தான் வந்தன. வாடிக்கையாளர்கள் மாறியதை அந்த எண்கள் சொல்லவே இல்லை. எப்போதோ யாரோ ஒருவர் தட்டச்சு செய்த ஒரு குட்டி எண்ணைத்தான் அவை சொல்லிக்கொண்டிருந்தன. பழையதையும் புதியதையும் இடம் மாற்றிப் போட்டுக் கணக்கிட்டால் விடை வெறும் 0.0145. முடிவிலி எங்கே, 0.0145 எங்கே! திசை மாறினால் விடை மாறும். கே.எல். ஒரு தூரம் அல்ல.

இதை சாலமன் குல்பாக்கும் ரிச்சர்ட் லைப்லரும் நன்றாகவே அறிந்திருந்தார்கள். இருவரும் அமெரிக்க அரசின் ரகசியக் குறியீட்டுத் துறையில் வேலை பார்த்த கணிதக்காரர்கள். 1951-இல் வந்த அவர்களுடைய கட்டுரையில் 'டைவர்ஜன்ஸ்' என்ற பெயர் இரு திசைகளையும் கூட்டி வரும் அளவுக்குத்தான் இருக்கிறது. ஒரு திசையை மட்டும் எடுத்தால் அது 'பிரித்தறிவதற்கான தகவல்'. இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் விஷயமே அதில் இருக்கிறது: கைக்கு வந்த தரவு இந்த மூலத்திலிருந்து வந்ததா, அந்த மூலத்திலிருந்து வந்ததா என்று பிரித்தறிய, ஒவ்வொரு மாதிரியும் எவ்வளவு உதவுகிறது? பழைய தரவில் இருக்கவே முடியாத ஒன்றை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டாலும் சந்தேகம் தீர்ந்தது. அதனால்தான் முடிவிலி. சூத்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்விதான் வேறு.

அந்த வேறு கேள்விக்கு அழகான ஒரு வழி இருக்கிறது. இரண்டு பரவல்களையும், அதாவது பழைய, புதிய பங்குப் பட்டியல்களையும், நேருக்கு நேர் மோதவிடாமல், இரண்டின் சராசரியை நடுவில் வையுங்கள். ஒவ்வொன்றும் அந்த நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கே.எல். போட்டு, இரண்டையும் சராசரி எடுங்கள். ஒரு பக்கத்தில் பூஜ்ஜியமாக இருந்தது நடுவில் பூஜ்ஜியமாக இருக்காது. வகுத்தலில் விபத்து இல்லை. குட்டி எண்ணும் தேவையில்லை. இரு பக்கமும் சமம். 1 பிட்டுக்கு மேல் போகவும் போகாது. இதுதான் ஜென்சன்–ஷானன் விலகல், ஜே.எஸ். எங்கள் செவ்வாய்க்கிழமைத் தரவுக்கு அது 0.005. ஒரு சதவீதம் பேர் புதிதாக ஒன்றைச் செய்கிறார்கள் என்பதற்கு ஏற்ற அளவு.

ஜியன்ஹுவா லின் 1991-இல் எழுதிய கட்டுரையோடுதான் இந்தப் பெயர் பரவியது. எண்ட்ரோபி என்பது ஒரு பரவலில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்பதன் அளவு. ஜே.எஸ்.-ஐ அதை வைத்தும் எழுதலாம்: சராசரியின் எண்ட்ரோபியிலிருந்து எண்ட்ரோபிகளின் சராசரியைக் கழிப்பது. ஆனால் இந்த யோசனையை 1982-இலேயே ஜேக்கப் புர்பியாவோடு சேர்ந்து ஆராய்ந்தவர் நம்முடைய புள்ளியியலாளர் சி.ஆர். ராவ். இந்த மனிதரைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் நகர முடியாது. 1945-இல், இருபத்தைந்து வயதுகூட நிறையாத நாளில், கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எந்த மதிப்பீடும் எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கான எல்லை அதில் இருக்கிறது. நிகழ்தகவுப் பரவல்களை ஒரு வளைந்த நிலப்பரப்பின் புள்ளிகளாகப் பார்த்து அவற்றுக்கிடையே தூரம் அளக்கும் யோசனையும் அதே கட்டுரையில்தான். அவர் வேலை பார்த்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய மகலநோபிஸ், 1936-இலேயே தன் பெயரில் வழங்கும் தூரத்தை எழுதிவிட்டார். மனிதக் கூட்டங்களின் உடல் அளவுகளை ஒப்பிடப் போய்த்தான் அது பிறந்தது. 1943-இல் அனில் குமார் பட்டாச்சார்யா இன்னொரு அளவைக் கொடுத்தார்: ஒவ்வொரு வகையிலும் இரண்டு பங்குகளையும் பெருக்கி, வர்க்க வேர் எடுத்து, எல்லாவற்றையும் கூட்டு. இரண்டும் ஒன்றேயென்றால் விடை 1. தொடர்பே இல்லையென்றால் 0. ஒரு நகரத்தில், பத்தே ஆண்டுகளுக்குள், இத்தனையும். பட்டாச்சார்யாவின் வேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பழைய நோட்டை எடுத்தேன். கேள்வி இதுதான்: பரவலுக்குப் பதிலாக ஒரு குவாண்டம் நிலை இருந்தால்?

குவாண்டத்தில் பங்குகளின் பட்டியலுக்குப் பதில் ஓர் அணி (மேட்ரிக்ஸ்) வரும். அடர்த்தி அணி என்பார்கள். மூலைவிட்ட எண்களைக் கூட்டினால் 1. ஐகன் மதிப்புகள், அதாவது அணிக்குள் ஒளிந்திருக்கும் பங்குகள், எதுவும் எதிர்மறை அல்ல. ஒரு பட்டியலின் இடத்தில் அணியை வைத்து கே.எல்.-ஐ எழுதியவர் ஜப்பானியக் கணிதவியலாளர் ஹிசஹாரு உமேகாகி, 1962-இல். தாளில் பார்த்தால் பழைய சூத்திரமே மாதிரிதான் தெரியும். உள்ளே இறங்கினால்தான் வித்தியாசம். எண்களை எந்த வரிசையில் பெருக்கினாலும் ஒன்றுதான். அணிகளை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடை மாறும். அதனால் பெருக்கலின் லாக், லாக்குகளின் கூட்டல் என்று பள்ளியில் படித்ததை இங்கே நம்பக்கூடாது. எளிய நிரூபணங்கள் எல்லாம் அந்த ஒரு வரியில் நின்றவை.

எடுத்துக்காட்டுக்கு ஒளித்துகள். ஒரு ஃபோட்டான் நேர்க்குத்தாகத் தளவிளைவு (போலரைசேஷன்) கொண்டது, அதாவது அதன் அதிர்வு நேர்க்குத்துத் திசையில். இன்னொன்று 45 பாகை சாய்ந்தது. 1984-இல் பென்னட்டும் பிரசாரும் ரகசியச் சாவி பரிமாறக் கொடுத்த முறையின் உயிரே இப்படிப்பட்ட இணைகள்தான். இந்த இரண்டுக்கும் உமேகாகியின் விலகல் என்ன? முடிவிலி. எந்தத் திசையில் போட்டாலும் முடிவிலி. சரி, 45 பாகை அதிகம், 1 பாகை மட்டும் சாய்த்தால்? அப்போதும் முடிவிலிதான். எங்கள் டாஷ்போர்டில் எப்போதாவது வந்த நோய் இங்கே வேறுபட்ட தூய நிலைகள் (கலப்பே இல்லாத நிலைகள்) எல்லாவற்றுக்கும் நிரந்தரம்.

நடுப்புள்ளியை வைத்தேன். இரண்டு நிலைகளையும் சரிபாதி கலந்தால் வரும் அணியின் ஐகன் மதிப்புகள் 0.854, 0.146. அதன் எண்ட்ரோபி 0.601 பிட். தூய நிலைகளுக்குத் தனித்தனியே எண்ட்ரோபி பூஜ்ஜியம். ஆகவே குவாண்டம் ஜே.எஸ். 0.601. 1 பாகைக்குப் போட்டால் 0.00115. செங்கோணத்துக்குப் போட்டால் சரியாக 1. முடிவிலி என்று மட்டுமே கத்திக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கோணத்துக்கேற்ற எண்கள்.

அடுத்துச் செய்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் சந்தோஷம். நிலையை நேரே பார்க்க யாராலும் முடியாது; அளந்துதான் ஆகவேண்டும். நேர்க்குத்துப் போலராய்டு, அதாவது ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் வடிகட்டி, வைத்து அளந்தேன், தாளில்தான். முதல் ஃபோட்டான் எப்போதும் கடந்துபோகும். சாய்ந்தது பாதித் தடவை கடக்கும். இப்போது கையில் இருப்பவை சாதாரணப் பரவல்கள்: ஒன்று 1, 0. மற்றது பாதி, பாதி. இவற்றின் ஜே.எஸ். 0.311. போலராய்டைத் திருப்பி, தவறு குறைந்தபட்சமாக வரும் கோணத்தில் வைத்தால் 0.399. அதற்கு மேல் எந்த அளவீட்டாலும் எடுக்க முடியாது. 0.601 உள்ளே இருக்கிறது, 0.399 மட்டுமே வெளியே வரும். ஹோலெவோ 1973-இல் நிறுவிய எல்லை இதுதான்: அளந்து எடுப்பது, உள்ளே இருப்பதைத் தாண்டாது. லீப், ரஸ்காய் இருவரும் 1973-இல் எழுதியதையும், அதிலிருந்து லிண்ட்பிளாட் 1975-இல் எடுத்ததையும் சேர்த்துச் சொன்னால், எப்படிக் கலக்கினாலும் வடிகட்டினாலும் இரண்டு நிலைகளைப் பிரித்தறியும் தன்மை கூடாது. குறையும், அல்லது அப்படியே நிற்கும். தேங்காயைத் துருவிப் பால் பிழிந்த பிறகு, அது எந்த மரத்துத் தேங்காய் என்று முன்னைவிட நன்றாகச் சொல்லிவிட முடியுமா? ஒரு விலகல் அளவுக்கு நான் வைக்கும் முதல் தகுதி இதுதான். இது இல்லாத அளவை நான் வேலையில் சேர்க்கமாட்டேன்.

இப்போது பட்டாச்சார்யா. நேர்க்குத்து அளவீட்டில் வந்த பரவல்களுக்கு அவருடைய எண்ணைப் போட்டால்: 1-ஐயும் பாதியையும் பெருக்கி வேர் எடுத்தால் 0.707. மற்றது பூஜ்ஜியம். திருப்பிய போலராய்டில் 0.854, 0.146 இரண்டையும் பெருக்கி, வேர் எடுத்து, இருமுறை கூட்டினால் மறுபடியும் 0.707. ஃபோட்டான்களுக்கிடையே உள்ள 45 பாகையின் கோசைனும் 0.707. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஃபியூக்ஸும் கேவ்ஸும் 1990-களின் நடுவில் பொதுவாகவே நிறுவியிருக்கிறார்கள்: எல்லா அளவீடுகளிலும் பட்டாச்சார்யாவின் எண் இறங்கக்கூடிய மிகக் குறைந்த மதிப்புதான் குவாண்டம் ஃபிடெலிட்டி. இன்றைக்கு ஆய்வுக்கூடங்களில் ஒரு க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று சொல்லப் பயன்படுத்தும் அந்த எண்ணின் அடியில், 1943-இல் கல்கத்தாவில் எழுதிய வேர் இருக்கிறது.

ஜே.எஸ். எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவரவில்லை. 2014-இல் குட்ஃபெல்லோ குழு கொண்டுவந்த, படம் போன்றவற்றைப் புதிதாக உருவாக்கும் கான் மாடல்களின் அடியில் இருப்பதும் ஜே.எஸ்.தான். இரண்டு பரவல்கள் ஒன்றோடொன்று தொடவே இல்லையென்றால் அது 1 பிட்டில் போய் அப்படியே நின்றுவிடும், பக்கத்தில் இருந்தாலும் சரி, பத்து மைல் தள்ளி இருந்தாலும் சரி. எந்தப் பக்கம் நகரவேண்டும் என்று மாடலுக்குத் தெரியாது. 2017-இல் அர்யோவ்ஸ்கி, சிந்தாலா, போட்டூ மூவரும், ஒரு பரவலை இன்னொன்றாக்க எவ்வளவு தள்ளி நகர்த்தவேண்டும் என்று அளக்கும் வாஸர்ஸ்டைன் தூரத்துக்கு மாறியது அதனால்தான். சௌமித் சிந்தாலா வேலூரில் பொறியியல் படித்தவர்.

சரி, ஜே.எஸ். தூரமா? சமச்சீர் இருக்கிறது. இன்னொன்றும் வேண்டும்: நேராகப் போவதைவிட வழியில் டீக்கடையில் நின்றுவிட்டுப் போவது குறைவாக இருக்கக்கூடாது. 0, 1, 2 பாகை என்று மூன்று ஃபோட்டான்கள். 0-இலிருந்து 1-க்கு 0.00115, 1-இலிருந்து 2-க்கும் அதுவே. மொத்தம் 0.0023. நேராக 0-இலிருந்து 2-க்கு 0.0040. டீக்கடை வழி குறைவு! தூரம் அல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேர் எடுங்கள். 0.0339, 0.0339, சேர்ந்து 0.0679. நேர்வழி 0.0632. இப்போது சரி.

சாதாரணப் பரவல்களுக்கு இந்த வேர் எப்போதும் தூரம்தான் என்று 2003-இல் நிறுவிவிட்டார்கள். குவாண்டத்துக்கு? 2009-இல் பிரியெட்டும் ஹாரெமோஸும் தூய நிலைகளுக்கும் ஒற்றை க்யூபிட்டுக்கும் காட்டினார்கள். பொதுவான அணிகளுக்குக் கதவு மூடியே இருந்தது. பத்து வருடம் கழித்து, 2019-இல், இருவர் தனித்தனியாகத் திறந்தார்கள். ஒருவர் ஹங்கேரியக் கணிதவியலாளர் டானியல் விரோஸ்டெக். மற்றவர் சுவ்ரித் ஸ்ரா, இயந்திரக் கற்றல்காரர்.

இந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, ஏனென்றால் சாவி வந்த திசை அப்படி. கணினிப் பார்வையில் ஒரு படத்தைச் சின்ன அணியாகச் சுருக்கி, அணிகளை ஒப்பிட்டு, அதே மாதிரிப் படங்களைத் தேடும் பழக்கம் உண்டு. அந்த வேலைக்காக அணியின் டிடர்மினன்டின் (அணிக்கோவையின்) லாக்கை எடுத்து, அதே நடுப்புள்ளி உத்தியால் ஒரு விலகலை உருவாக்கியிருந்தார்கள். அதன் வேர் ஒரு தூரம் என்று ஸ்ரா நிறுவிய கட்டுரை 2016-இல் அச்சில் வந்தது. படத்தேடலுக்கும் எண்ட்ரோபிக்கும் என்ன உறவு? ஒரு வரிதான். வளைவு என்றால் இருமுறை வகையிட்டால் வருவது, குறியை விட்டுவிடுங்கள். எண்ட்ரோபியின் வளைவு, எக்ஸின் தலைகீழி. டிடர்மினன்டு லாக்கின் வளைவு, எக்ஸின் வர்க்கத்தின் தலைகீழி. எக்ஸோடு டி என்ற ஓர் எண்ணைக் கூட்டி, அதன் வர்க்கத்தின் தலைகீழியை டி பூஜ்ஜியத்திலிருந்து முடிவிலி வரைக்கும் தொகையிட்டால் கிடைப்பது எக்ஸின் தலைகீழியேதான். பன்னிரண்டாம் வகுப்புத் தொகையீடு. அதாவது குவாண்டம் ஜே.எஸ். என்பது ஒவ்வொரு டி-க்கும் ஒன்றாக, கணக்கற்ற டிடர்மினன்டு விலகல்களின் கூட்டல். ஒவ்வொன்றும் ஒரு தூரத்தின் வர்க்கம். நீளம், அகலம், உயரத்தை வர்க்கித்துக் கூட்டி வேர் எடுத்தால் தூரம் கிடைப்பதுபோல, இவற்றையும் கூட்டி வேர் எடுத்தால் கிடைப்பது தூரம். வரிசை மாறினால் விடை மாறும் என்ற அந்தச் சிக்கல் முழுவதையும் டிடர்மினன்டு ஏற்கனவே தாங்கிக்கொண்டுவிட்டது.

திங்கட்கிழமை டாஷ்போர்டில் கே.எல்.-ஐ எடுத்துவிட்டு ஜே.எஸ்.-இன் வேரைப் போட்டோம். குட்டி எண் இருந்த வரியை அழிக்கச் சொன்னதும் அந்தப் பெண்தான் அழித்தார். அழித்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "இது வகை வகையா எண்ணுறதுக்குச் சரிங்கண்ணா. வாடிக்கையாளர் எழுதற புகாரை என்னங்க பண்றது? அது வெக்டராத்தானே வருது?"

ஒயிட்போர்டுக்குப் போனோம். ஒவ்வொரு புகாரையும் ஒரு வெக்டராக்கி, நீளத்தை 1 ஆக்கு. அந்த வெக்டரை அதனோடேயே பெருக்கி அணியாக்கு. அந்த வார அணிகள் எல்லாவற்றையும் சராசரி எடு. மூலைவிட்டத்தைக் கூட்டிப் பார்த்தார். 1. ஐகன் மதிப்புகள் எதுவும் எதிர்மறை இல்லை. தமிழிலும் தங்கிலீஷிலும் எழுதி வந்த டெலிவரிப் புகார்கள் ஓர் அடர்த்தி அணியாக நின்றன. ஒவ்வொரு புகாரும் ஒரு தூய நிலை, வாரம் ஒரு கலப்பு நிலை. கர்னல் முறைகளுக்கு (தரவுகளின் ஒற்றுமையை வைத்துக் கணக்கிடும் முறைகளுக்கு) இதே எண்ட்ரோபியை வைத்து பிரான்சிஸ் பாக் 2022-இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். போன வாரத்து அணி, இந்த வாரத்து அணி, நடுவில் இரண்டின் சராசரி. மூன்று எண்ட்ரோபி, ஒரு கழித்தல், ஒரு வேர். பத்து வரிக்குள் ஸ்கிரிப்ட் எழுதி முடித்தோம். அது இப்போது ஒவ்வொரு திங்கள் காலையும் ஓடுகிறது.